வெள்ளித்திரையும் 52 சீட்டும்

நடிப்பிலோ பாட்டிலோ மேடைச் சிரிப்பிலோ பெயர் வாங்கிய ஒருவர் பிறகு போக்கர் மேசையில் உட்கார்ந்து அதையும் தொழிலாகக் கொள்வது கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் வந்த வழக்கம். அமெரிக்காவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இதற்கு உதாரணங்கள் நிறைய. இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் அதிகம் அடிபடும் பெயர் மினிஷா லாம்பா.

சென்னை பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இவர் ஒருவகையில் எதிர்க்கரைக்காரர். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். அதையும் தாண்டினால் அடையாற்றின் கழிமுகத்தில் 1977இல் வெள்ளம் கொண்டுபோன மிச்சத்தோடு நிற்கும் உடைந்த பாலம். மறுகரையில் எம்.ஆர்.சி. நகர். அங்குள்ள செட்டிநாடு வித்யாஷ்ரமில் படித்தவர் மினிஷா. பிறகு டெல்லி மிராண்டா ஹவுஸில் ஆங்கில இலக்கியப் பட்டம், விளம்பரப் படங்கள், 2005இல் ஷூஜித் சர்க்கார் இயக்கிய 'யஹான்' படத்தில் கதாநாயகி. 2008இல் 'பச்னா ஏ ஹசீனோ', அதன் பின் ஷியாம் பெனகலின் 'வெல் டன் அப்பா'. 2014இல் இந்தி 'பிக் பாஸ்' எட்டாம் பருவம். நாயகி வாய்ப்பு குறைந்த காலத்தில் அவர் போக்கர் பக்கம் திரும்பினார். போட்டி மேசைகளில் உட்கார்ந்தார். இன்று அவரைப் பற்றிய குறிப்புகள் 'நடிகை, போக்கர் ஆட்டக்காரர்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன.

இதில் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த இரண்டாவது சொல் எந்த அளவுக்குத் தொழில்? விடை ஆட்டத்துக்குள் கொஞ்சம், வரிச் சட்டத்தில் கொஞ்சம், நீதிமன்றத் தீர்ப்புகளில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது.

முதலில் ஆட்டம். தமிழ்நாட்டில் சீட்டு என்றால் ரம்மி. கல்யாண மண்டபத்து மாடியறையில், கிளப்பில், ரயிலில் துண்டை விரித்து ஆடுவது அதுதான். மங்காத்தாவும் மூணு சீட்டும் அதற்குக் கீழ்த்தட்டு. முன்னது உள்ளே, வெளியே என்று சீட்டு விழும் பக்கத்துக்குக் காசு கட்டுவது. பின்னது மூன்று சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவது. போக்கர் இவை எதிலும் சேராது. இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த சீட்டு இரண்டு. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் இன்னொன்று என்று திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தே ஒருவரின் கை. ஒவ்வொரு திறப்புக்கும் நடுவே பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், கையை மடக்கிவிட்டு ஒதுங்கலாம். ரம்மிக்காரர் 'ஸ்கூட்' விடுவதற்கு இணையான அந்த ஒதுங்கல்தான் போக்கரில் அதிகம் நடப்பது. தேர்ந்த ஆட்டக்காரர் தனக்கு வரும் கைகளில் பெரும்பாலானவற்றை ஒரு காசும் போடாமல் மடக்கிவிடுவார்.

திறமை எங்கே நுழைகிறது என்பதை ஒரே ஒரு கையில் காட்டிவிடலாம். ஒருவரிடம் இஸ்பேட் இரண்டு. மேசையில் திறந்த நான்கில் இஸ்பேட் இரண்டு. இன்னொரு இஸ்பேட் விழுந்தால் ஐந்தும் ஒரே சாதி, அதாவது ஃப்ளஷ். கட்டில் இஸ்பேட் மொத்தம் 13, அதில் நான்கு கண்முன் இருக்க மிச்சம் ஒன்பது. அவர் பார்க்காத சீட்டு 46. ஆக நூற்றுக்கு இருபதுக்கும் ஒரு மயிரிழை குறைவு. மேசையில் ஏற்கெனவே ₹6,000 குவிந்திருக்கிறது. எதிராளி ₹3,000 கட்டுகிறார். தொடர வேண்டுமானால் ₹3,000 போட வேண்டும், போட்டால் குவியல் ₹12,000 ஆகும். போடுவது அதில் கால் பங்கு, கிடைக்கும் வாய்ப்போ ஐந்தில் ஒரு பங்கு. மடக்குவதே முறை. எதிராளி கட்டியது ₹1,000 மட்டும் என்றால் குவியல் ₹8,000, போடுவது எட்டில் ஒரு பங்கு. அப்போது மடக்குவது தவறு. சீட்டு அதேதான், முடிவுதான் நேர்மாறு. கணக்குப் போடத் தெரிந்தவர் ஒரு கையில் தோற்கலாம். ஆயிரம் கைகள் ஆடினால் தெரியாதவரின் காசு அவர் பக்கம் மெல்ல நகரும்.

சூதுக்கும் கணக்குக்கும் உள்ள இந்த உறவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புகழேந்தியின் நளவெண்பா சொல்லும் கதையில், நாட்டைச் சூதில் தோற்ற நளன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகப் பிழைக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தில் எத்தனை காய் என்று இருதுபன்னன் எண்ணாமலே சொல்ல, நளன் எண்ணிப் பார்த்து வியக்கிறான். குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்வித்தையை வாங்கிக்கொள்கிறான், பிறகுதான் நாட்டை மீட்கிறான். முதல் வேலை போய், இரண்டாவது வேலையில் இருந்தபடி மூன்றாவதாக ஒரு வித்தை கற்றவனின் கதை என்றும் அதைப் படிக்கலாம்.

ஆனால் அதிர்ஷ்டத்தின் பங்கு சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய ஆகச்சிறந்த கை ஆஸ் இரண்டு. அது சராசரியாக 221 முறைக்கு ஒரு முறை வரும். அதற்கு எதிரே ராஜா இரண்டு வைத்திருப்பவர் எல்லாச் சிப்ஸையும் உள்ளே தள்ளினாலும், ஐந்தில் கிட்டத்தட்ட ஒரு முறை ஜெயிப்பது ராஜாதான். நூறு பேர், ஆயிரம் பேர் சேரும் போட்டியில் இப்படி ஏழெட்டு இடங்களைத் தாண்டினால்தான் இறுதி மேசை. அதனால் நல்ல ஆட்டக்காரருக்கும் மாதக்கணக்கில் ஒரு ரூபாய்கூட வராத காலம் உண்டு.

நடிகர்கள் இந்த மேசைக்குப் பொருந்தும் இடம் இதுவே. பலரும் சொல்வது வேறு: நடிகருக்கு முகத்தை மறைக்கத் தெரியும், அதனால் போக்கர் எளிது என்பார்கள். இது கேட்க அழகாக இருந்தாலும் பாதிக்கும் குறைவான உண்மை. நல்ல ஆட்டக்காரர்கள் எதிராளியின் கண்ணையும் உதட்டையும்விட அவர் எந்த இடத்தில் எவ்வளவு கட்டினார் என்பதையே படிக்கிறார்கள். இணையத்தில் ஆடும்போது முகமே கிடையாது. நடிகரிடம் உண்மையில் இருப்பது சீரற்ற வருமானத்தோடு வாழ்ந்த பழக்கம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எட்டு மாத இடைவெளி, வராத சம்பள பாக்கி, கடைசி நிமிடத்தில் கைமாறிய வேடம் எல்லாம் அவர் பார்த்தவை. மாதச் சம்பளக்காரரை மூன்றே மாதத்தில் உடைத்துவிடும் வறட்சி அவருக்குப் பழகியது. கூடவே, பகலில் காலியாகக் கிடக்கும் நேரமும் முதல் சில ஆண்டுகளின் நஷ்டத்தைத் தாங்கும் சேமிப்பும். ஒரே காட்சியை இருபதாவது டேக்கிலும் முதல் டேக் போலச் செய்யும் பொறுமையையும் சேர்த்துக்கொள்ளலாம். போக்கரில் அதற்குப் பெயர் ஒழுங்கு. ஒரு கை தோற்ற ஆத்திரத்தில் அடுத்த கையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது.

உலக வரிசையில் முன்னால் நிற்பவர் கேப் கப்லான். அமெரிக்க மேடை நகைச்சுவையாளர். 1975 முதல் 1979 வரை 'வெல்கம் பேக், காட்டர்' என்ற தொலைக்காட்சித் தொடரில் பள்ளி ஆசிரியராக நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். தொடர் முடிந்த மறு ஆண்டே, 1980இல், போக்கர் ஆட்டக்காரர் அமரில்லோ ஸ்லிம் நடத்திய 'சூப்பர் பௌல் ஆஃப் போக்கர்' போட்டியின் முதன்மை ஆட்டத்தை வென்றார். தொலைக்காட்சி அப்போது சீட்டாட்டத்தை அதிகம் சீந்தவில்லை. கப்லான் ஆடியது ஆட்டத்துக்காக மட்டுமே என்று சொல்லலாம். பிரான்சின் பாடகர், நடிகர் பத்ரிக் புருவேல் 1998இல் லாஸ் வேகஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரில் ஓர் ஆட்டத்தை வென்று, அதன் வெற்றிச் சின்னமான கைச்சங்கிலியை வாங்கினார். போக்கர் உலகில் அந்தக் கைச்சங்கிலிக்குத்தான் மரியாதை, பரிசுப் பணம் அதற்கு அடுத்தபடி.

அதற்குப் பிறகு நிலைமை மாறியதற்குக் காரணம் ஒரு கேமரா. கவிழ்த்த சீட்டு பார்வையாளருக்குத் தெரியாதவரை போக்கரைப் பார்ப்பது, சிலர் மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான். பொம்மைத் தொழிலில் பணம் சம்பாதித்த, நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்த ஹென்றி ஓரன்ஸ்டீன் அந்தச் சீட்டைக் காட்டும் முறைக்கு 1990களில் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் சேனல் 4 தொலைக்காட்சி 1999இல் 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சியில் மேசையில் கண்ணாடி பதித்து, அடியில் கேமரா வைத்துச் சீட்டைக் காட்டியது. 2003இல் அமெரிக்காவின் 'வேர்ல்டு போக்கர் டூர்' அதே வழியில் வந்தது. யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், வெறுங்கையோடு பெரிய பந்தயம் கட்டுபவரைப் பார்ப்பது துப்பறியும் படம் பார்ப்பது போல. அதே 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்து, உலகத் தொடரின் முதன்மை ஆட்டத்தையே வென்று 25 லட்சம் டாலர் கொண்டுபோனார். அந்த ஆண்டு அதில் ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர்.

ஆட்டம் தொலைக்காட்சி நிகழ்ச்சியானதும் அதற்குத் தெரிந்த முகங்கள் தேவைப்பட்டன. பிரபலங்களை மட்டும் உட்காரவைத்தே ஒரு தொடர் அமெரிக்காவில் ஓடியது. 2004இல் நடிகர் பென் அஃப்லெக் கலிஃபோர்னியா மாநிலப் போட்டியில் 3,56,400 டாலர் வென்றார். அதைத் தொழில் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. தொழில் என்ற சொல்லுக்கு நெருங்கியவர் ஜெனிஃபர் டில்லி. 'புல்லட்ஸ் ஓவர் பிராட்வே' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். 2005இல் உலகத் தொடரின் மகளிர் ஆட்டத்தில் 600 பேரைப் பின்தள்ளி ஒன்றரை லட்சம் டாலருக்கு மேலும் கைச்சங்கிலியும் வென்றார். அதோடு நிற்காமல் ஆண்டுக்கணக்கில் பெரிய தொகை மேசைகளில் தொடர்ந்து ஆடினார். ஒருமுறை வென்றுவிட்டுப் புகைப்படத்தோடு போனவர்களுக்கும் டில்லிக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தொடர்ச்சிதான்.

இன்னொருவர் இங்கிலாந்தின் விக்டோரியா கோரன் மிட்செல், பத்திரிகையாளர், தொலைக்காட்சித் தொகுப்பாளர். ஐரோப்பிய போக்கர் டூரின் லண்டன் போட்டியை 2006இலும், சான் ரெமோ போட்டியை 2014இலும் வென்று, அந்த டூரில் இரண்டு பட்டம் பெற்ற முதல் ஆளானார். அதே 2014இன் நவம்பரில், தனக்கு ஆதரவளித்த இணைய நிறுவனம் போக்கரோடு சூதாட்ட இயந்திர வகை ஆட்டங்களையும் சேர்த்தபோது, அந்த ஒப்பந்தத்தையே விட்டு விலகினார். போக்கரில் எதிரே இருப்பவரை வெல்லலாம். சூதாட்ட இயந்திரத்தில் நீண்ட ஓட்டத்தில் ஜெயிப்பது எப்போதும் நிறுவனம்தான். அந்தக் கோட்டை அவர் தன் சொந்தச் செலவில் போட்டுக் காட்டினார். விளம்பரத்துக்குச் சிரிக்கும் முகங்களில் இப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு.

தொழில்முறை ஆட்டக்காரரின் வருமானத்துக்கு மூன்று வாய்க்கால். மேசையில் வெல்வது, விளம்பர ஒப்பந்தம், வர்ணனை அல்லது தொகுப்பு. கப்லானே பின்னாளில் 'ஹை ஸ்டேக்ஸ் போக்கர்' நிகழ்ச்சியின் வர்ணனையாளர் ஆனார். பொழுதுபோக்கு உலகிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் நிச்சயம், முதலாவது நிச்சயமில்லை. எனவே 'போக்கரில் இத்தனை லட்சம் வென்றார்' என்ற செய்தியைப் பாதிச் செய்தியாகவே கொள்ள வேண்டும். வென்ற தொகை வெளியே தெரியும். போட்டிக்குப் போட்டி கட்டிய நுழைவுத் தொகை வெளியே தெரியாது.

இந்தியாவில் அந்த மறைந்த பாதி இன்னும் கனமானது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவு லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் ஆகியவற்றில் வென்ற பணத்துக்கு 30 சதவீத வரி போட்டது. அதை வெல்லச் செய்த செலவைக் கழிக்க முடியாது. ஒருவர் ஓர் ஆண்டில் ₹40,000 நுழைவுத் தொகையுள்ள 20 போட்டிகளில் ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டால் செலவு ₹8 லட்சம். இரண்டு போட்டிகளில் மட்டும் பரிசு, மொத்தம் ₹10 லட்சம். கையில் நிற்பது ₹2 லட்சம். வரியோ பத்து லட்சத்துக்கு, அதாவது ₹3 லட்சம். ஆட்டத்தில் லாபம் பார்த்தவர் வரி கட்டியதும் ஒரு லட்சம் நஷ்டத்தில் நிற்கிறார். மேல்வரி தனி.

இதே ஆள் நடிகராகச் சம்பாதித்தால் உடை, ஒப்பனை, பயணம், உதவியாளர் சம்பளம் என்று தொழிற்செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம். நடிப்பைத் தொழில் என்று ஏற்கும் அதே சட்டம் சீட்டை அப்படி ஏற்கவில்லை. இணையத்தில் ஆடியதற்கு மட்டும் 2023இல் நிகர வெற்றிக்கு வரி என்ற தனி ஏற்பாடு வந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து வந்தது.

ஆடும் இடமும் ஒரு சிக்கல். கோவாவின் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டதால் பணஜியில் மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நிற்கின்றன. இந்தியாவின் நேரடிப் போக்கர் போட்டிகளுக்கு அதுதான் பெரிய மேடை. மேற்கு வங்கச் சட்டம் போக்கரைச் சூதாட்டத்திலிருந்து பெயர் சொல்லியே விலக்குகிறது. நாகாலாந்து அதைத் திறமை ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017இல் போக்கர் சூதாட்டம்தான் என்றது. ஒரே ஆட்டம் கொல்கத்தாவில் ஒன்று, அகமதாபாத்தில் வேறொன்று.

தமிழ்நாட்டின் கதை இதைவிடச் சுவையானது, அதன் பாதி பெசன்ட் நகரிலிருந்து சில கிலோமீட்டரில் நடந்தது. சென்னைக்கு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம். இரண்டும் சூதாட்டத்தைத் தடுத்தன, திறமை ஆட்டத்துக்கு விலக்கும் தந்தன. 1967இல் ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. சீட்டுகளை நினைவில் வைத்துக் கோப்பதற்குத் திறமை வேண்டும், மூணு சீட்டு அப்படியல்ல என்று இரண்டையும் பிரித்துக் காட்டியது. அடுத்தது கிண்டி. குதிரைப் பந்தயத்தை நிறுத்த 1974இல் ஒரு சட்டம், மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள 1986இல் இன்னொன்று. கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பந்தயம் திறமை ஆட்டமே என்று தீர்த்தது. பின்னாளில் நாட்டின் எந்த மூலையில் போக்கர் நிறுவனம் வழக்காடினாலும் முதலில் எடுத்து நீட்டியது இந்தக் கிண்டி தீர்ப்பைத்தான். (மினிஷா படித்த பள்ளி செட்டிநாட்டரச குடும்பத்தாருடையது. அதே குடும்பத்தின் எம்.ஏ.எம். ராமசாமி அந்த ரேஸ் கிளப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். இது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த 2020இல் அலை திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த விளம்பரங்களில் தோன்றிய நடிகர்களுக்கும் கிரிக்கெட் வீரர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. பிரகாஷ் ராஜ், தமன்னா, ராணா, விராட் கோலி, சவுரவ் கங்குலி ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தனர். அதே மாதம் இணையப் பண ஆட்டங்களைத் தடுக்கும் அவசரச் சட்டம், பிறகு சட்டம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு குழு, மீண்டும் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். இந்தமுறை சட்டத்தின் அட்டவணை ரம்மியோடு போக்கரையும் பெயர் சொல்லி 'வாய்ப்பு ஆட்டம்' என்றது. நவம்பர் 2023இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை மட்டும் வெட்டியது. 2025 ஜூனில் வந்த தீர்ப்பு நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பண ஆட்டம் கூடாது என்ற மாநில விதியை ஏற்றது. ஐந்தாண்டுகளில் இத்தனை திருப்பம் கண்ட ஓர் ஆட்டத்தைப் பிழைப்பாக நம்பியவரின் திட்டமிடலை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நடிகர்களில் ஆடிப் பிழைத்தவர்களைவிட ஆட அழைத்துப் பிழைத்தவர்களே அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். மேற்கில் ஆட்டக்காரர் ஆகிப் பிறகு விளம்பர முகம் ஆனார்கள். இந்தியாவில் பெரும்பாலும் முகத்தை நேரடியாக வாடகைக்கு எடுத்தார்கள். 2022இல் ஷாஹித் கபூர் ஒரு போக்கர் நிறுவனத்தின் தூதரானார். போக்கரைக் கௌரவமான தொழில் என்று இந்த நாட்டில் வாய்விட்டுச் சொன்னவை பெரும்பாலும் அந்த விளம்பரங்கள்தான். மேசையில் தானே உட்கார்ந்து ஆடிய மினிஷா போன்றவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்து விலகித் தெரிவது அதனால்தான்.

2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற அரை நூற்றாண்டு வாதத்தையே ஒதுக்கிவைத்தது. இணையத்தில் பணம் கட்டி ஆடும் எந்த ஆட்டமும் தடை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை, ₹50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண மேசைகளை மூடின, சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின. மூன்று வாய்க்காலில் விளம்பரம் அடைபட்டது, இணைய மேசையும் போயிற்று.

நேரடி மேசையை அந்தச் சட்டம் தொடவில்லை. சென்னையிலிருந்து ஆடப் போகிறவருக்கு இப்போது இருப்பது மாண்டவியின் கப்பல்களும், ஒன்றேகால் மணி நேரப் பறப்பில் கொழும்பின் கசினோக்களும், பணமும் விசாவும் இருந்தால் லாஸ் வேகஸும். அங்கே நடிகர் என்பதற்காக நுழைவுத் தொகையில் ஒரு ரூபாய் குறைவதில்லை. வென்ற பணத்தோடு ஊர் திரும்பினால், எந்த ஊரில் வென்றாலும் இங்கு வசிப்பவரின் அந்த வருமானத்துக்கு இங்கேயும் வரி உண்டு, கட்டிய நுழைவுத் தொகையைக் கழிக்காமல்.